கூட்டத்தை எண்ணும் கண்

சித்திரைத் திருவிழா முடிந்த மறுநாள் செய்தித்தாளைப் பிரித்துப் பாருங்கள். வைகையில் கள்ளழகர் எழுந்தருளியதை இத்தனை லட்சம் பேர் கண்டு களித்தனர் என்று ஓர் எண் அச்சாகியிருக்கும். ஒரு தாளின் எண் இன்னொரு தாளின் எண்ணைப் போல் இருமடங்காக இருப்பதும் உண்டு. இவ்வளவு பேரையும் யார் எண்ணினார்கள், எப்படி எண்ணினார்கள் என்று நம்மில் எவரும் கேட்பதில்லை. திருவிழாக் கூட்டத்தில் ஒரு லட்சம் கூடிக் குறைவதால் யாருக்கும் பெரிய நட்டமில்லை.

அந்தக் கூட்டம் ஒரு கோரிக்கையை முன்வைத்துக் கூடியதென்றால் நிலைமை வேறு. 2019 ஜூலை முதல் நாள் ஹாங்காங் நகரில் ஒரு பெரும் ஊர்வலம் நடந்தது. ஊர்வலத்தை நடத்தியவர்கள் 5,50,000 பேர் வந்ததாகச் சொன்னார்கள். காவல்துறை சொன்ன எண் 1,90,000. ஒரே ஊர், ஒரே நாள், ஒரே வீதி. ஆனால் இரண்டு கணக்குகளுக்கும் இடையில் மூன்றரை லட்சம் மனிதர்கள் காணாமற்போய்விட்டார்கள்!

எண்ணிக்கைக்கு ஏன் இவ்வளவு போட்டி? கூட்டத்தை எண்ணுவதில் அப்படி என்ன கடினம்? கணிப்பொறியோடு இணைந்த காமிராவால் இதைச் செய்ய முடியுமா? முடிந்தால், அந்தக் கண் எண்ணுவதோடு நின்றுவிடுமா? இக்கேள்விகளுக்கு விடை தேட இயற்பியலும் வேண்டும், கொஞ்சம் உளவியலும் வேண்டும். இரண்டையும் நம் மதுரையிலிருந்தே தொடங்கலாம்.

அலங்காநல்லூரில் தொடங்கியது

2017 ஜனவரியில் தமிழ்நாடு ஒரு பெரும் போராட்டத்தைக் கண்டது. சல்லிக்கட்டுக்கு 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் விதித்த தடை நீங்க வேண்டும் என்பது கோரிக்கை. ஜனவரி 16-ஆம் நாள் அலங்காநல்லூரில் இளைஞர்கள் வீதியில் அமர்ந்தார்கள். மறுநாள் காலை காவல்துறையினர் பலரைக் கைது செய்தனர். அன்று மாலைக்குள் சென்னை மெரினாக் கடற்கரையில் மாணவர்கள் கூடத் தொடங்கினர். அடுத்தடுத்த நாட்களில் மதுரையில் தமுக்கம் நிறைந்தது. வைகை ரயில் பாலத்தின் மேல் ஒரு ரயில் நாள்கணக்கில் அசையாமல் நின்றது. ஜனவரி 21-இல் அவசரச் சட்டம் வந்தது. 23-இல் சட்டமன்றம் சட்டத்தை நிறைவேற்றியது.

காளைகளுக்குத் துன்பம் இழைக்கப்படுகிறது என்ற வாதமும், இது எங்கள் மரபு என்ற வாதமும் நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் மோதின. 2023 மே 18-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் சட்டத்தை ஏற்றுத் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு இக்கட்டுரையின் பொருள் அன்று. ஒரு கிராமத்து வீதியில் அமர்ந்த சில நூறு பேரிலிருந்து ஒரு வாரத்திற்குள் மாநிலமெங்கும் கூட்டம் எப்படிப் பெருகியது என்பதே நமக்கு வேண்டியது.

கூட்டத்தைப் பற்றிய பழைய கருத்து ஒன்று உண்டு. 1895-இல் குஸ்தாவ் லெ பான் என்ற பிரெஞ்சுக்காரர் கூட்ட மனத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தனியே இருக்கும்போது அறிவோடு நடப்பவன் கூட்டத்தில் சேர்ந்ததும் அறிவை இழக்கிறான், ஒருவர் உணர்ச்சி மற்றவருக்கு நோய்போல் தொற்றுகிறது என்பது அவர் சொன்னதன் சாரம். இன்றும் ‘ஆட்டுமந்தை’ என்று நாம் ஒரு கூட்டத்தைக் குறைவாகப் பேசும்போது, லெ பானைப் படிக்காமலேயே அவர் கட்சியில் சேர்ந்துவிடுகிறோம்.

பிற்காலத்தில் கூட்டங்களை அருகிலிருந்து ஆராய்ந்தவர்கள் இதை ஏற்கவில்லை. 1980 ஏப்ரலில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் செயின்ட் பால்ஸ் என்னும் பகுதியில் மக்களுக்கும் காவல்துறைக்கும் பெரும் மோதல் மூண்டது. அதனை ஆராய்ந்த ஸ்டீபன் ரைக்கர் என்ற உளவியலார் ஒரு விந்தையைக் கண்டார். கூட்டத்தின் சினம் கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் பக்கமும் பாயவில்லை. அது காவல்துறையையும் குறிப்பிட்ட சில கட்டடங்களையுமே குறிவைத்தது. தங்கள் பகுதியின் எல்லையைத் தாண்டிக் கூட்டம் காவலர்களைத் துரத்தவுமில்லை. ஆக, கூட்டத்தில் மனிதன் ‘நான்’ என்பதை இழந்து வெறுமையாகிவிடுவதில்லை. ‘நாங்கள்’ என்ற வேறோர் அடையாளத்தை ஏற்று, அதற்குரிய நெறிகளின்படி நடக்கிறான் என்றார் ரைக்கர். 2017-இல் நம் மாணவர்கள் தாமே போக்குவரத்தைச் சீர்செய்ததும், குப்பையைப் பொறுக்கியதும், அரசியல் கட்சித் தலைவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னதும் நினைவிருக்கலாம். அப்போது சிறு குழந்தைகளாக இருந்தவர்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஜனவரி 23-இல் காவல்துறை கூட்டத்தைக் கலைக்க முற்பட்டபோது சென்னையில் மோதலும் தீவைப்பும் நடந்ததும் உண்மையே. ஒரு கூட்டத்தின் குணம் கல்லில் எழுதியதன்று. எதிரே நிற்பவர் நடந்துகொள்ளும் விதத்தையும் பொறுத்து அது மாறுகிறது.

மக்கள் ஏன் போராட வருகிறார்கள்? 2008-இல் வான் ஸோமெரென், போஸ்ட்மெஸ், ஸ்பியர்ஸ் என்னும் உளவியலார் மூவர் பலருடைய ஆய்வு முடிவுகளைத் திரட்டிப் பார்த்து மூன்று காரணங்களை எடுத்துக்காட்டினர். அநீதி நடக்கிறது என்ற உணர்வு வேண்டும். ‘நாம்’ என்ற உணர்வு வேண்டும். நாம் சேர்ந்தால் பலன் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் வேண்டும். எண்ணிக்கை வந்து சேருமிடம் இந்த மூன்றாவது காரணத்தில்தான். பத்துப் பேர் நிற்கிறார்கள் என்றால் ‘என்ன ஆகப்போகிறது’ என்று நாம் நடந்துவிடுகிறோம். பத்தாயிரம் பேர் என்றால் நின்று பார்க்கிறோம். போராட்டத்தில் கலந்துகொள்ளும் ஒவ்வொருவரும் தம் கண்ணால் கூட்டத்தை எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்.

பயன்தொடக்க எண்

ஒளிமின் விளைவு பாடத்தில் பயன்தொடக்க அதிர்வெண் என்று ஒன்றைப் படித்திருப்பீர்கள், அல்லது விரைவில் படிப்பீர்கள். அந்த அதிர்வெண்ணுக்குக் கீழே எவ்வளவு ஒளியைக் கொட்டினாலும் உலோகத்திலிருந்து எலெக்ட்ரான் வெளிவராது. அதைத் தாண்டினால் உடனே வரும். மனிதர்களுக்கும் இதுபோல் ஒரு தொடக்க எண் உண்டென்று கொண்டு, 1978-இல் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலார் ஓர் அழகான கணக்கைப் போட்டார்.

ஒரு மைதானத்தில் 100 பேர் நிற்கிறார்கள். ஒருவர் யாருக்காகவும் காத்திராமல் முதலில் எழுந்துவிடுவார். அவருடைய தொடக்க எண் 0. அடுத்தவர், ஒருவர் எழுந்ததைக் கண்டால் எழுவார். அவர் எண் 1. மூன்றாமவருக்கு இருவர் எழ வேண்டும், எண் 2. இப்படியே நூறாமவருக்கு 99. என்ன நடக்கும்? முதலாமவர் எழுகிறார், அவரைப் பார்த்து இரண்டாமவர், இருவரையும் பார்த்து மூன்றாமவர். வரிசையாக அடுக்கிய சீட்டுக்கட்டு விழுவதுபோல நூறு பேரும் எழுந்துவிடுவார்கள்.

இப்போது ஒரே ஒரு மாற்றம் செய்வோம். எண் 1 உடையவரின் எண்ணை 2 ஆக்கிவிடுங்கள். மற்றவர் அனைவரும் முன்போலவே. முதலாமவர் எழுகிறார். ஒருவரைப் பார்த்தால் போதும் என்பவர் இப்போது எவருமில்லை. எல்லாரும் இன்னொருவருக்காகக் காத்திருக்கிறார்கள். முதலாமவர் சற்று நேரம் நின்றுவிட்டு அசட்டுச் சிரிப்புடன் உட்கார்ந்துவிடுவார். முதல் கூட்டத்தின் சராசரித் தொடக்க எண் 49.5, இரண்டாவதன் சராசரி 49.51. இரண்டு கூட்டங்களும் மன அளவில் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் ஒன்றைப் பார்த்த செய்தியாளர் ‘ஊரே பொங்கி எழுந்தது’ என்று எழுதுவார். மற்றதைப் பார்த்தவர் எழுதவே மாட்டார்.

1965 ஜனவரி 25-இல் மதுரையில் இந்தி எதிர்ப்பு ஊர்வலம் சென்ற மாணவர்களுக்கும் காங்கிரஸ் கட்சியினர் சிலருக்கும் ஏற்பட்ட கைகலப்பு, சில நாட்களில் மாநிலம் தழுவிய கிளர்ச்சியாக வளர்ந்தது. அன்று ஒரு மாணவர் தம் தெருவில் தெரிந்தவர்களை மட்டுமே எண்ண முடிந்தது. மற்ற ஊர்ச் செய்தி வானொலியிலும் மறுநாள் தாளிலும்தான் வந்தது. 2017-இல் மேலூரில் உள்ளவர் மெரினாவைக் கைபேசியில் உடனுக்குடன் பார்த்தார். இரவில் ஆயிரக்கணக்கானோர் கைபேசி விளக்குகளை உயர்த்திப் பிடித்த காட்சி இதற்கு நல்ல சான்று. இருட்டில் யார் எத்தனை பேர் என்று தெரியாது. ஒவ்வொருவரும் ஒரு விளக்கை உயர்த்தியதும் ஒவ்வொருவருக்கும் மற்றவரின் எண்ணிக்கை தெரிந்துவிட்டது.

கட்டம் போட்டு எண்ணுதல்

கூட்டத்தை எண்ணுவதற்கு முதன்முதலில் எளிய வழி சொன்னவர் ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ். அவர் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் ஆசிரியர். 1960-களில் அவருடைய அறையின் சன்னலுக்குக் கீழேயிருந்த திறந்தவெளியில்தான் மாணவர்கள் போராட்டக் கூட்டம் நடத்துவார்கள். தரையில் சம அளவுள்ள கட்டங்கள் இருந்தன. ஜேக்கப்ஸ் சில கட்டங்களில் நிற்பவர்களை எண்ணி, சராசரி கண்டு, கட்டங்களின் எண்ணிக்கையால் பெருக்கினார். அவ்வளவுதான். நெருக்கமில்லாத கூட்டத்தில் ஓர் ஆளுக்கு 10 சதுர அடி, நெருங்கிய கூட்டத்தில் 4.5 சதுர அடி, இடிபடும் கூட்டத்தில் 2.5 சதுர அடி என்ற அளவுகள் இன்றும் வழக்கில் உள்ளன. மீட்டரில் சொன்னால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1.1, 2.4, 4.3 பேர்.

100 மீட்டர் நீளமும் 60 மீட்டர் அகலமும் உள்ள ஒரு மைதானத்தை எடுத்துக்கொள்வோம். பரப்பு 6,000 சதுர மீட்டர். நெருக்கமில்லாமல் நின்றால் சுமார் 6,500 பேர். நெருங்கி நின்றால் 14,000-க்குச் சற்று மேல். இடித்துக்கொண்டு நின்றால் 26,000 பேர். இந்த மைதானத்தில் ஒரு லட்சம் பேர் கூடினார்கள் என்று ஒருவர் சொன்னால், ஒரு சதுர மீட்டருக்குள் பதினேழு பேரை நிறுத்திவிட்டார் என்று பொருள். ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்ற வேறுபாடில்லாமல் எல்லாக் கட்சிகளின் மாநாட்டுச் செய்திகளையும் இந்த உரைகல்லில் உரசிப் பார்க்கலாம். பொழுதும் நன்றாகப் போகும்.

ஊர்வலம் என்றால் வேறு கணக்கு. கம்பியில் ஓடும் மின்னோட்டத்துக்கு நாம் எழுதும் சமன்பாடே இங்கு உதவும்: எலெக்ட்ரான் அடர்த்தி, குறுக்குப் பரப்பு, நகர்வு வேகம் ஆகியவற்றைப் பெருக்குகிறோம் அல்லவா? வீதியின் அகலம் 10 மீட்டர், சதுர மீட்டருக்கு 2 பேர், நடை வேகம் வினாடிக்கு 0.8 மீட்டர் என்றால், ஓரிடத்தைக் கடப்பவர் வினாடிக்கு 16 பேர். ஒரு மணி நேரத்தில் 57,600 பேர். ஹாங்காங் குழப்பத்தில் ஒரு பகுதி இதனால் வந்ததுதான். காவல்துறை சொன்னது உச்ச நேரத்தில் வீதியில் இருந்தவர்கள். நடத்தியவர்கள் சொன்னது நாள் முழுதும் வந்துபோனவர்கள். தொட்டியில் உள்ள நீரும் குழாய் வழியே ஓடிய மொத்த நீரும் எப்படிச் சமமாகும்?

ஒளி எண்ணாகிறது

இனி இயந்திரக் கண்ணுக்கு வருவோம். காமிராவின் வில்லைக்குப் பின்னால் சிலிக்கானாலான ஒரு சிறு சில்லு இருக்கிறது. அதில் பல லட்சம் நுண்ணிய அறைகள். ஒளித்துகள் ஒன்று ஓர் அறையில் விழுந்தால் அங்கே ஓர் எலெக்ட்ரான் கட்டவிழ்கிறது. இங்கும் ஒரு தொடக்க ஆற்றல் உண்டு. சிலிக்கானுக்கு அது சுமார் 1.1 எலெக்ட்ரான் வோல்ட். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியின் ஒரு பகுதிக்கும் அவ்வளவு ஆற்றல் இருப்பதால், சிலிக்கான் அதனையும் காணும். தொலைக்காட்சியின் தொலை இயக்கியைக் கைபேசிக் காமிராவின் முன்னே பிடித்து அழுத்திப் பாருங்கள். சில கைபேசிகளில் அதன் முனை ஒளிர்வது தெரியும். இரவில் கண்காணிப்புக் காமிராக்கள் வேலை செய்வதன் மருமம் இதுவே.

ஒவ்வோர் அறையிலும் சேர்ந்த மின்னூட்டத்தை அளந்தால் ஓர் எண் கிடைக்கும். முழு இருட்டு 0, முழு வெளிச்சம் 255 என்று வைத்துக்கொள்வது வழக்கம். கணிப்பொறிக்குப் படம் என்பது இந்த எண்களின் பெரிய அட்டவணைதான். அதில் மனிதனும் இல்லை, மரமும் இல்லை. ஒரு வரிசையில் 40, 40, 40, 200, 200, 200 என்று எண்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வோர் எண்ணிலிருந்தும் அதற்கு முந்தைய எண்ணைக் கழித்தால் 0, 0, 160, 0, 0 என்று வரும். அந்த 160 எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு விளிம்பு இருக்கிறது: கருந்தலை முடிந்து வெள்ளைச் சட்டை தொடங்கும் இடமாக இருக்கலாம். வெறும் கழித்தலால் இயந்திரம் ஓர் உருவத்தின் ஓரத்தைத் தொட்டுவிட்டது!

நம் மூளையும் இப்படித்தான் தொடங்குகிறது என்பது எவ்வளவு வியப்பு! 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் டேவிட் ஹியூபல், டார்ஸ்டன் வீசல் என்னும் இருவர் ஒரு பூனையின் மூளையில் நுண்ணிய மின்முனையைப் பொருத்தித் திரையில் புள்ளிகளைக் காட்டிக்கொண்டிருந்தனர். நரம்பணு பேசாமலே இருந்தது. கண்ணாடித் தகட்டை மாற்றும்போது தகட்டின் விளிம்பு நிழல் ஒரு கோடாகத் திரையில் நகர்ந்தது. உடனே நரம்பணு படபடவெனத் துடித்தது. அது காத்திருந்தது ஒரு விளிம்புக்காக, அதுவும் குறிப்பிட்ட சாய்வில் உள்ள விளிம்புக்காக. இக்கண்டுபிடிப்புக்கு 1981-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 1980-இல் ஜப்பானியரான குனிஹிகோ ஃபுகுஷிமா இதையே முன்மாதிரியாகக் கொண்டு, முதல் அடுக்கு விளிம்புகளையும் அடுத்த அடுக்கு அவற்றின் சேர்க்கைகளையும் கண்டுணரும் செயற்கை நரம்பு வலை ஒன்றை வடித்தார். இன்றைய வலைகள் அதன் வழிவந்தவை. படத்தைக் காட்டி விடையைக் கேட்கிறோம். விடை பிழையானால் வலையின் உள்ளெண்களைச் சிறிது திருத்துகிறோம். இதைக் கோடிக்கணக்கான முறை செய்கிறோம். கற்றல் என்று நாம் சொல்வது இதைத்தான்.

இவ்வகை வலைக்கு நம் ஊரோடும் உறவு உண்டு. 2016 டிசம்பரில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில், நீரிழிவால் விழித்திரை பழுதாவதைப் படம் பார்த்துக் கண்டறியும் வலையைப் பற்றிக் கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் எழுதினர். 1,28,175 விழித்திரைப் படங்களை 54 மருத்துவர்கள் பார்த்துத் தரம் பிரித்துத் தர, அவற்றைக் கொண்டு வலை கற்றது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட அரவிந்த் கண் மருத்துவமனை உட்பட இந்திய மருத்துவமனைகள் சிலவற்றின் படங்களும் அந்த ஆய்வில் இடம்பெற்றன. விழித்திரையில் குருதிக்கசிவுப் புள்ளியைத் தேடும் கணக்கும், தமுக்கத்தில் தலையைத் தேடும் கணக்கும் அடிப்படையில் ஒன்றே.

ஆனால் கூட்டத்தில் ஒரு சிக்கல். முன்னால் நிற்பவர் பின்னால் நிற்பவரை மறைக்கிறார். அருகில் உள்ள தலை பெரிது, தொலைவில் உள்ளது கடுகு. தலை தலையாகத் தேடினால் கணிப்பொறி தடுமாறுகிறது. 2010-இல் ஆக்ஸ்ஃபோர்டின் லெம்பிட்ஸ்கி, ஸிஸ்ஸெர்மன் ஆகிய இருவர் வேறு வழி சொன்னார்கள். ‘இது தலையா, இல்லையா’ என்று கேட்காதே. ஒவ்வொரு படப்புள்ளியிலும் ‘எவ்வளவு ஆள்’ இருக்கிறார் என்று கேள். ஒரு புள்ளியில் 0.2 ஆள், அடுத்ததில் 0.5, அடுத்ததில் 0.3, கூட்டினால் ஓர் ஆள். படம் முழுவதையும் கூட்டினால் மொத்தக் கூட்டம். அடர்த்தியிலிருந்து நிறையைக் காண்பதுபோல்தான். கால் ஆள், அரை ஆள் என்று மனிதரைப் பிரிப்பது கேட்பதற்கு வேடிக்கைதான். ஆனால் நெரிசலில் இந்த வழி நன்றாக வேலை செய்கிறது.

கற்றுக்கொடுத்த படங்களைப் பொறுத்தே இயந்திரத்தின் திறமை. வெறுந்தலைகளை மட்டும் பார்த்து வளர்ந்த வலையை நம் ஊர்க் கூட்டத்தின்மேல் திருப்பினால், தலைப்பாகைக்கும் மல்லிகைச் சரம் சூடிய கொண்டைக்கும் விரித்த குடைக்கும் அது என்ன சொல்லும் என்று உறுதியில்லை. எனவே சில கட்டங்களை மனிதர் எண்ணிச் சரிபார்ப்பதே முறை. ஹாங்காங் ஊர்வலத்தை ஒரு குழு இவ்வாறு நடைமேம்பாலங்களிலிருந்து காமிராவாலும் கணிப்பொறியாலும் எண்ணி, சரிபார்த்து, 2,65,000 என்று மதிப்பிட்டது. இரு தரப்பும் சொன்ன எண்களுக்கு நடுவே அது விழுந்தது.

எண்ணுவதும் அடையாளம் காண்பதும்

இவ்வளவு நேரம் பார்த்ததில் எவருடைய பெயரும் வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? எண்ணுவதற்குப் பெயர் வேண்டாம். முகமும் வேண்டாம். இதை ஒரு கணக்கால் காட்டலாம்.

படத்தின் அகலத்தில் 4,000 புள்ளிகள் உள்ள காமிரா ஒன்று, 100 மீட்டர் அகலமுள்ள மைதானத்தைப் பார்க்கிறது. ஒரு புள்ளிக்கு 2.5 சென்டிமீட்டர். மனிதத் தலையின் அகலம் சுமார் 15 சென்டிமீட்டர்; எனவே ஒரு தலைக்கு 6 புள்ளிகள். எண்ணுவதற்கு இது போதும். இரு கண்மணிகளுக்கிடையே உள்ள தொலைவு ஏறக்குறைய 6 சென்டிமீட்டர். அதற்குக் கிடைப்பது இரண்டு புள்ளிகளும் சொச்சமும். இதைக்கொண்டு எவரையும் இன்னார் என்று சொல்ல இயலாது. முகத்தை அடையாளம் காண இரு கண்களுக்கிடையே சில பத்துப் புள்ளிகளாவது வேண்டும். 30 என்று வைத்துக்கொண்டால் ஒரு புள்ளிக்கு 2 மில்லிமீட்டர். 4,000 புள்ளிகளுக்கு 8 மீட்டர். ஆக, மைதானம் முழுவதையும் பார்க்கும்போது எண்ணுகின்ற அதே காமிரா, வில்லையைத் திருகி 8 மீட்டர் அகலத்தைப் பார்த்தால் பெயர் கேட்கத் தொடங்கிவிடுகிறது. கீழே நிற்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாது.

இப்போது கிரானோவெட்டரின் நூறு பேரை நினைத்துப் பாருங்கள். தம் முகம் பதிவாகிறது, நாளை வேலைக்கோ கல்விக்கோ இடையூறு வரலாம் என்று ஒருவர் அஞ்சினால் அவருடைய தொடக்க எண் உயர்கிறது. எல்லாருக்கும் உயர வேண்டியதில்லை. ஒருவருக்கு ஒன்று உயர்ந்தாலே சங்கிலி எப்படி அறுந்தது என்று பார்த்தோம். ஹாங்காங்கில் 2019-இல் மக்கள் முகமூடியும் குடையும் கொண்டு முகத்தை மறைத்தார்கள்; காமிரா பொருத்திய விளக்குக் கம்பம் ஒன்றை அறுத்தும் சாய்த்தார்கள். அவ்வாண்டு அக்டோபரில் அரசு கூட்டங்களில் முகமூடிக்குத் தடை விதித்தது. எண்ணும் கண்ணைப் பற்றி எழுந்த சண்டையன்று இது, அடையாளம் காணும் கண்ணைப் பற்றியது.

தமிழ்நாடு காவல்துறையும் 2021 முதல் முக அடையாள மென்பொருளைப் பயன்படுத்தி வருகிறது. தேடப்படும் குற்றவாளியையும் காணாமற்போன குழந்தையையும் கண்டுபிடிக்க அது உதவும் என்பதை மறுக்க முடியாது. தீவைத்தவனைப் பிடிக்க வேண்டாமா என்று கேட்பவருக்கும் நியாயம் உண்டு. ஆயினும் ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை நம் அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு தந்திருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். தீவைத்த ஒருவரைத் தேடுவதற்காக அமைதியாக உட்கார்ந்திருந்த பத்தாயிரம் பேரின் முகங்களையும் சேர்த்து வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எந்தச் சூழலில், யார் ஒப்புதலுடன், எத்தனை நாட்களுக்கு என்று சட்டம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இயந்திரம் பிழை செய்யும் என்பதையும் மறக்கலாகாது. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்கள் மூன்றை ஜாய் புவோலாம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு பெண் ஆய்வாளர்கள் 2018-இல் சோதித்தார்கள். வெளுத்த நிற ஆண்களிடம் பிழை நூற்றுக்கு ஒன்றைக்கூடத் தாண்டவில்லை. கறுத்த நிறப் பெண்களிடம் ஒரு மென்பொருளின் பிழை நூற்றுக்கு 34.7. வைகைக் கரையில் வாழும் நமக்கு இந்த எண் அக்கறைக்குரியது.

எண்ணும் கண்ணுக்கு மட்டும் வேறொரு வேலை காத்திருக்கிறது. சதுர மீட்டருக்கு ஏழு பேர் என்ற அளவை நெருங்கினால் கூட்டம் பாய்மம்போல் ஆகிவிடுகிறது. அதில் தனி மனிதனின் கால் அவன் சொல்பேச்சுக் கேட்பதில்லை. ஓரிடத்தில் தள்ளியது அலையாகப் பரவி வேறோரிடத்தில் நெஞ்சை நசுக்கும். 2022 ஏப்ரல் 16-இல் அழகர் வைகையில் இறங்கியபோது நெரிசலில் சிக்கி இருவர் இறந்தனர். 2025 செப்டம்பர் 27-இல் கரூர் அரசியல் கூட்டத்தில் 41 பேர் இறந்தனர். சதுர மீட்டருக்கு நான்கைந்து பேர் சேரும்போதே மணியடிக்கும் காமிரா இருந்தால், வழியைத் திறந்துவிடக் காவலர்களுக்குச் சில நிமிடங்கள் கிடைக்கும். அந்தக் காமிரா, கணக்கைத் தனக்குள்ளேயே போட்டு, எண்ணை மட்டும் அனுப்பிவிட்டுப் படத்தை அழித்துவிடும்படி அமைக்கலாம். பொறியியலில் இதற்குத் தடை எதுவுமில்லை.

நீங்களே செய்து பார்க்க ஒரு சோதனை. காலையில் பள்ளியில் அனைவரும் வரிசையில் நிற்கும்போது, தலைமையாசிரியரிடம் சொல்லி ஒப்புதல் பெற்று, மாடியிலிருந்து ஒரு படம் எடுங்கள். மைதானத்தின் அகலத்தை முன்பே நாடாவால் அளந்து வையுங்கள். படத்தைக் கட்டங்களாகப் பிரித்து, நான்கு கட்டங்களில் தலைகளை எண்ணி, ஜேக்கப்ஸ் முறையில் மொத்தத்தைக் காணுங்கள். வருகைப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். பிறகு உங்கள் கைபேசிப் படத்தின் அகலத்தில் எத்தனை புள்ளிகள் என்று பார்த்து, ஒரு புள்ளிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று கணக்கிடுங்கள். மாடியிலிருந்து ஒவ்வொரு தளமாக இறங்கி வந்து மீண்டும் படம் எடுங்கள். எந்தத் தளத்திலிருந்து எடுத்த படத்தில் உங்கள் வகுப்புத் தோழனின் முகம் முதன்முதலாகத் தெரிகிறது? அங்கே ஒரு புள்ளிக்கு எத்தனை மில்லிமீட்டர்? இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டு படங்களை அழித்துவிடுங்கள்.